பேசினேன், நலம்

ஃபுளூ பரவியதும் பிரார்த்தனை மண்டபத்தைப் பூட்டினார்கள். தனியாக இருக்கும் உறுப்பினர்களைத் தினமும் போனில் விசாரிக்கச் சொல்லி, செயலாளரம்மா ஆளுக்கு ஐந்து பேரை ஒதுக்கினார். பேசி முடித்ததும் 'பேசினேன், நலம்' என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

தையல்காரருக்கு நான்கு பேரால் தொந்தரவில்லை. ஐந்தாமவர் கணக்கு வாத்தியார். வாயைத் திறந்தால் ஒரு மணி நேரம் மூடமாட்டார். அதனால் நான்கு நாளாக அவருக்குப் போன் செய்யாமலே 'பேசினேன், நலம்' என்று செயலாளரம்மாவுக்கு அனுப்பினார் தையல்காரர். மனசு உறுத்தத்தான் செய்தது. 'நாளைக்குப் பேசிக்கலாம்' என்று அதன் வாயை அடைத்தார்.

இன்று தையல்காரருக்கே காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தண்ணீர் எடுத்துத் தரவும் ஆளில்லை. செயலாளரம்மாவை அழைத்துப் பொரிந்தார்.

"ஏம்மா, நானும் ஒண்டிக்கட்டைதானே? நாலு நாளா என்னை ஏன்னு கேக்க நாதியில்லையே! என் பேரு யாரு லிஸ்ட்ல இருக்கு?"

"வாத்தியார் லிஸ்ட்லதான் அண்ணே."

"அப்ப அவரு ஏன் கூப்பிடலை?"

"எப்படிக் கூப்பிடுவாரு? அவரும் காய்ச்சல்ல படுத்து, பேச்சுமூச்சில்லாமக் கிடந்திருக்காரு. பேப்பர் போடுறவர் பார்த்துச் சொல்லி, இப்பதான் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அவரோட மெசேஜ் நின்னதுமே எனக்குத் திக்குன்னுச்சு. நீங்க 'நலம்'னு போட்டதாலதான் சும்மா இருந்துட்டேன்."

தையல்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"காலையிலகூடப் பேசினீங்களே அண்ணே," செயலாளரம்மாவின் குரல் தழுதழுத்தது. "கடைசியா என்ன சொன்னாரு?"