தண்ணீர் நிற்காத மூலை

பின்கட்டுச் சிமென்ட் தளத்தை முப்பது வருடத்துக்கு முன் போட்டது செங்கமலத்தின் கணவர்தான். வாட்டம் சரியில்லாமல், துவைக்கிற தண்ணீரெல்லாம் ஒரு மூலையில் தேங்கும். "ஒரு தளம் ஒழுங்காப் போடத் தெரியல இந்த மனுசனுக்கு" என்று தினமும் திட்டிக்கொண்டேதான் விளக்குமாற்றால் தள்ளுவாள். அவர் போன பிறகும் திட்டு நிற்கவில்லை. பதிலுக்கு உள்ளேயிருந்து வரும் அவருடைய செருமல்தான் நின்றுவிட்டது. மகன் அனுப்பிய கொத்தனார் இருதயராஜ் பழைய தளத்தைக் கொத்திவிட்டு, புதிதாகப் பூசி வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். நன்றாகக் காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக் காட்டினார். அத்தனையும் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. "சொட்டு நிக்கல, பாருங்கம்மா." செங்கமலம் விளக்குமாற்றோடு அந்த மூலைக்குப் போய் நின்றாள். வாயைத் திறந்தாள், திட்டு வரவில்லை. "தம்பி, இந்த இடத்த மட்டும் கொஞ்சம் பள்ளமாக்கிக் குடுத்திருங்க."