தவளைமீனுக்கு இரண்டு மீட்டர் தொட்டி

மீன் பிடிக்க அகபாக் கடலில் தியாபும் நானும் ஒன்றாகத்தான் மூழ்கினோம். சிலிண்டரில் காற்று ஒருவருக்குத்தான் மிச்சமிருந்தது. அவனை நீரோட்டம் இழுத்துப்போனதாக எல்லாரிடமும் சொன்னேன். உடல் கிடைக்கவில்லை.

நாலு மாதம் பத்து நாள் துக்கம் முடிந்த மறுநாள், அவன் மனைவி ஷம்மா என் மீன்தொட்டிக் கடைக்கு வந்தாள். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்தாள். ஏதாவது கேட்டு வந்தால், வீட்டுக்காரர் அதற்குச் சம்மதம் சொல்லும்வரை எங்கள் பதூயின் ஆட்கள் குடிக்கமாட்டார்கள்.

"தவளைமீனுக்குத் தொட்டி வேணும், அபூ ராகான்."

"அறுபது சென்டி போதும்மா. அது நீந்தாது, கல்லு மாதிரி கெடக்கும். கூட எதையும் விட்டுறாத. தன்னைவிடப் பெருசையும் முழுங்கிரும்."

"ரெண்டு மீட்டர் வேணும்."

"உள்ளங்கை அளவு மீனுக்கா? எங்க வாங்குன?"

"வாங்கல. நேத்து அதுவா வாசல் வரைக்கும் நடந்து வந்துச்சு. கை மாதிரி இருக்கற துடுப்புல அவரு மோதிரம்."

நான் அளவு நாடாவைக் கீழே வைத்தேன்.

"உங்க உயரம் எவ்வளவு?" என்று கேட்டாள்.

"ஒன்னே முக்கா மீட்டர்."

"அப்ப ரெண்டு சரியா இருக்கும். நீங்களே வந்து வச்சுக் குடுக்கணும்."

கடையில் நாலு பேர் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வர்றேன்," என்றேன்.

ஆறிப்போன காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்தாள்.