முன்கம்பி

“ஏம்பா கங்கையா, இந்தப் பொட்டி கார்ல அந்த எஞ்சின் உக்காருமா?”

“தானா உக்காராது சார். உக்கார வெக்கணும்.”

சங்கிலியில் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்து முந்நூறு சி.சி. எங்கோ அடிபட்ட ஒரு பெரிய காரிலிருந்து கழன்று, சென்னைப் புதுப்பேட்டை வழியாகத் திருச்சானூர் ரோட்டுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கீழே பானெட் இல்லாமல் நின்ற கார், எண்ணூறு சி.சி.க்குச் செய்தது. விதவிதமாய்ப் புதுக் கார்கள் வந்துவிட்ட பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்காகவே சிவசங்கரன் அதை வாங்கினார். அவர் வனத்துறை அதிகாரி.

“ஜீப்புல துரத்தினா புகைதான் மிச்சம்” என்றார் ஸ்டூலில் உட்கார்ந்தபடி. “பாகராபேட்டை மலை ஏத்தத்துல ஒரு சாம்பல் கலர் கார். செம்மரத்த அடைச்சிக்கினு பறக்குது. அதுவும் இதே மாதிரி சின்ன கார்தான். எவனோ பெரிய எஞ்சின் வெச்சிக் குடுத்திருக்கான்.”

“வேலை சுத்தமா இருக்குதா சார்?”

“சுத்தமா இருக்கிறதாலதானே பிடிக்க முடியல! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”

“அவன் இன்னா கண்டான்? ஏர்போர்ட் சவாரிக்குன்னு சொல்லிக் கேட்டிருப்பாங்க” என்றார் கங்கையா. குனிந்து, எஞ்சினைத் தாங்க வெட்டிய மவுண்டிங்கைப் புது இடத்தில் வைத்துப் பார்த்தார். முதுகு வலித்தது. கொஞ்ச நாளாக அவருக்குத் தூக்கம் சரியில்லை.

“இன்னொண்ணு சார். பெரிய எஞ்சின வெச்சா ரேடியேட்டருக்கு எடம் இருக்காது. சின்னதுதான் வெக்க முடியும். ஏத்தத்துல மூச்சு வுடாம ஓட்டினா கொதிச்சிடும். இந்த வாட்டி மூக்க அறுத்துப் பெருசு வெக்கிறேன். உங்க வண்டி கொதிக்காது.”

“அப்ப அவன் வண்டி கொதிக்குமா?”

“நீங்க பின்னாலயே போய்க்கினு இருந்தா போதும். நிக்க வுடாதீங்க. உச்சிக்குப் போறதுக்குள்ள தானா நின்னுடும்.”

சிவசங்கரன் தலையாட்டினார். பிறகு காலால் காரின் முன்பக்கத்தைத் தட்டினார்.

“எல்லாம் சரி. இங்க ஒரு இரும்புக் கம்பி அடிச்சிக் குடு. தடியா. கிட்டப் போனா ஒரே இடி.”

“கம்பி வேணாம் சார்.”

“ஏன்?”

“வெயிட்டு. வண்டி இழுக்காது.”

“ஆயிரத்து முந்நூறு எஞ்சின் ஒரு கம்பிய இழுக்காதா? யார் கிட்ட கதை வுடுற?”

கங்கையா நிமிர்ந்து, கையைத் துணியில் துடைத்தார்.

“அந்த ஏத்தத்துல ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். போன மாசம் வுழுந்த வண்டிய நான்தான் கேஸ் கட்டர் வெச்சி அறுத்தேன். உள்ள இருந்தவன் மூஞ்சியப் பாக்குற வரைக்கும் எனக்குக் கை ஓடல.”

“பாத்தப்புறம்?”

“ஓடிச்சி.”

சிவசங்கரன் காரின் முன்பக்கத்திலிருந்து காலை எடுத்தார். “சரிப்பா, கம்பி வேணாம்” என்றார்.

பச்சையம்மாள் சோறு கொண்டுவந்தாள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அதிகாரிக்கும் புருஷனுக்கும் தட்டு வைத்தாள்.

“ஏம்மா, சித்தூர் ஜில்லாவுல பொறந்துட்டு இப்படி ஒரு குழம்பா? மொளகா விலை ஏறிடுச்சா?”

“வூட்ல ஒருத்தருக்கு ஆவாது சார். அப்படியே பழகிடுச்சி.”

“பசங்க இருக்காங்களா?”

“ஒரே பையன்” என்றாள். “ராத்திரி வேலை.”

“ஓ, கால் சென்டரா! பெங்களூரா? அமெரிக்காக்காரன் முழிச்சிக்கினு இருக்க சொல்ல நம்ம பசங்க தூங்க முடியுமா? கார் கீர் வாங்கிட்டானா?”

“வாங்கிட்டான்” என்றார் கங்கையா. “வூட்டுக்குத்தான் வர்றதில்ல.”

“எல்லா வூட்லயும் இதே கதைதான்யா.”

வாரக் கடைசியில் கார் தயாரானது. கங்கையா கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பினார். காது கொடுத்துக் கேட்டார். மறுபடி அரைக்கால். சத்தம் சீரானதும் கையை எடுத்துவிட்டார். சிவசங்கரன் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்து, சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

“கங்கையா, எறும்புக்கு எருமை பலம் குடுத்துட்ட! இன்னிக்கே மலைக்குப் போறேன்.”

“பின்னாலயே போங்க சார். இடிக்காதீங்க.”

“எத்தன வாட்டி சொல்லுவ? நிக்கட்டும், அலுங்காம பிடிக்கிறேன். போதுமா?”

“போதும்.”

கார் கிளம்பும்போது பச்சையம்மாள் ஜன்னலருகே வந்தாள்.

“சார், பிடிச்சா எந்த ஜெயில்ல போடுவாங்க? சித்தூரா?”

“அது கோர்ட்டு சொல்றதும்மா. எதுக்கு?”

“சித்தூர்னா பஸ் இருக்குது. வூட்டுச் சோறு உள்ள வுடுவாங்களா?”

“யாருக்கும்மா சோறு?”

கங்கையா துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சாம்பல் கார ஓட்றவனுக்குத்தான்” என்றாள் அவள். “எம்புள்ள காரம் துன்ன மாட்டான் சார்.”