பச்சை மை

காலை பத்து மணிக்கு வார்டில் நெட் போனது. ஏழாம் படுக்கைக்காரர் நேற்றுதான் முதன்முறையாக வந்தவர்; பேச்சு மூச்சில்லை. அவருக்கு எந்த மருந்து ஆகாது என்பது கம்ப்யூட்டருக்குள் இருந்தது. என் கையில் பென்சிலின் ஊசி.

பழக்கதோஷத்தில் ரெக்கார்டு அக்காவின் அலமாரியைத் திறந்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒவ்வொரு நோயாளிக்கும் பச்சை மையில் ஓர் அட்டை எழுதி வைத்தவர். "நெட்ட நம்பி ஊசி போடாதீங்கடி, காலை வாரிடும்" என்பார். மருந்து ஒவ்வாதவர் அட்டைக்கு மட்டும் மூலையை மடிப்பார். அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

ஏழாம் படுக்கைக்காரரின் அட்டை இருந்தது. நேற்றைய தேதி. மூலை மடிந்திருந்தது. 'பென்சிலின் ஆகாது' என்ற பச்சை எழுத்து பாதியில் மங்கியிருந்தது.

ஊசியைத் திரும்ப வைத்தேன். நெட் வந்ததும் கம்ப்யூட்டரும் அதையே சொன்னது.

மறுநாள் அந்த அலமாரியில் ஒரு புதுப் பச்சைப் பேனா வைத்தேன். பாவம் அக்கா, மை தீர்ந்துபோயிருக்கிறது.