மீட்கப்பட்டவர்கள்

நைஜீரியாவின் கானோ சாலையில் ஒரு லாரியை மறித்த முன்னாள் கமாண்டோ ஒசாரோ, டிரைவரை அடித்து வீழ்த்திக் கட்டிப்போட்டான். தார்ப்பாயை விலக்கினால், உள்ளே நான்கு சிறுமிகள். அவர்களை அணைத்தபடி ஒரு பெண்.

"தம்பி, கடவுளாப் பாத்து உன்னை அனுப்பியிருக்காரு!" என்று அவள் அழுதாள்.

"அழாதீங்கக்கா. உங்களைக் கடத்தினது யாரு? பேரை மட்டும் சொல்லுங்க."

"எங்கேப்பா, மூஞ்சியையே காட்டலையே!"

"பெரிய வீரன்தான் போ!" என்று கட்டுண்ட டிரைவர் சிரித்தான்.

சிறுமிகள் வாயே திறக்கவில்லை. பயம் தெளியட்டும் என்று ஒசாரோ ரொட்டியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தான். துண்டுகள் கையிலேயே இருந்தன.

"சாப்பிடுங்கம்மா. இனிமே யாரும் அடிக்க மாட்டாங்க."

எல்லோரிலும் சிறியவள் அவனைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் முன் மண்டியிட்டாள்.

"மேடம், சாப்பிடலாமா?"