கூடப்பிறந்தவள்

"ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்களா?"

அதிகாரியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். அக்கா எலுமிச்சை நிறம். இவள் அடுப்புக்கரி.

இவள் தயங்கவே இல்லை.

"அக்கா அப்பாவை உரிச்சு வச்சது மேடம். நான் அம்மா சாடை. அவங்களை வசதியான இடத்துல கட்டிக் குடுத்தாங்க, என்னைக் கிடைச்ச இடத்துல."

அதிகாரியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

காகிதங்கள் பக்காவாக இருந்தன. அக்காவின் கருவைக் கூடப்பிறந்தவள்தான் சுமக்கலாம், வேறு ஆள் கூடாது, காசு கைமாறக் கூடாது. சட்டம் அப்படி. இன்று முத்திரை விழுந்தால் அக்காவுக்கு ஒரு பிள்ளை. இவளுடைய மூத்த மகளுக்குக் கல்லூரி. விழாவிட்டால் இரண்டும் இல்லை.

"பணம் ஏதும் பேசியிருக்கீங்களா?"

"அக்கா தங்கச்சிக்குள்ள என்ன மேடம் பேரம்?"

அக்காவுக்கு எத்தனை தடவை கலைந்தது, எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, எந்தப் பக்கம் இடுப்பு வலி. நூல் பிடித்தாற்போல் சொல்லிக்கொண்டே போனாள்.

"மூணாவது அஞ்சாம் மாசம் போச்சு மேடம். ஆம்பளைப் புள்ள."

அக்கா சட்டென்று திரும்பினாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குப் படுக்கை விரிப்பை அலசிப் போட்டவள் இவள். சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அதிகாரி இப்போது அக்காவைக் கேட்டார்.

"தங்கச்சிக்கு சுகப்பிரசவமா, ஆபரேஷனா?"

அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

"சரி, அவங்க பெரிய பொண்ணு பேரு?"

பெயர் அந்தக் காகிதத்திலேயே இருந்தது. அக்கா அதைப் படித்திருக்கவில்லை.

பத்து நாளாக வக்கீல் இவளுக்கு மட்டும்தான் பாடம் எடுத்தார். அக்காவுக்கும் பரீட்சை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். அக்காவின் கழுத்தில் வேர்வை கோடாக இறங்கியது.

மகள் கல்லூரி விண்ணப்பத்தை நான்காக மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருப்பது இவளுக்கு நினைவு வந்தது. வந்தது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"பத்து வருஷமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது மேடம். கூப்பிட்டா வருவேன், போவேன். என் வீட்டுப் பக்கம் அவங்க வந்ததே இல்ல. என் புள்ளைங்களைப் பத்திக் கேட்டதும் இல்ல."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"எங்க வீட்டுலயும் இதே கதைதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க?"

முத்திரை விழுந்தது. மேசை ஒரு முறை அதிர்ந்தது.

வெளியே கார் தயாராக நின்றது. டிரைவர் அக்காவுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டு, இவள் பக்கம் திரும்பினான்.

"நீ பஸ் பிடிச்சு வந்துடு. பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்காம்."

இவள் காரைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கக் கதவைத் திறந்து, பின்சீட்டில் ஏறினாள். பத்து வருடமாகத் தினமும் துடைக்கிற சீட்டு. உட்கார்ந்தால் இவ்வளவு அமுங்கும் என்று தெரியாது.

அந்தம்மா நடுவிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் ஆஸ்பத்திரியிலயும் கேப்பாங்க," என்றாள் இவள். "என் மூத்தவ பேரு சொல்றேன். திருப்பிச் சொல்லுங்கக்கா."

சொன்னாள்.

அந்தம்மா, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்தவளைப் போல மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். ஓர் எழுத்து பிசகியது.

"இன்னொரு தடவை," என்றாள் இவள்.