பதினோராம் விதி

வாக்குப்பதிவு முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கல்ஃபான்தான் ஜெயிக்க வேண்டும் என்று தேர்தல் அதிகாரி ஷம்ஸா மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

மஸ்கட் இணையப் பயனாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பொதுமக்களுக்கென்று இருப்பது ஒரே ஓர் இடம். இணையம் பயன்படுத்தும் எவரும் பதிவு செய்துகொண்டு, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். கூடத்துப் பெரிய திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. கல்ஃபான் முன்னால், பள்ளி ஆசிரியை ராயா கொஞ்சம் பின்னால்.

போன தேர்தலில் அந்த இடத்தை ஜெயித்தவள் ஷம்ஸா. முடிவை அறிவித்த கையோடு, இரண்டாவதாக வந்த கல்ஃபான் எழுந்தான். தேர்தல் அதிகாரிக்கு உறவானவர் ஜெயித்தால் வெற்றி செல்லாது, இடம் அடுத்தவருக்குப் போகும் என்ற பதினோராம் விதியைக் காட்டினான். விதியை எழுதிக் கொடுத்தவனே அவன்தான்.

அப்போதைய அதிகாரி ஷம்ஸாவின் அக்கா கணவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. உட்கார்ந்த நாற்காலியிலிருந்து அவளை எழுப்பிவிட்டு, "ரூல்னா ரூல்தான், தங்கச்சி" என்றான் கல்ஃபான். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது.

இந்த முறை அவளைத் தேர்தல் அதிகாரியாக முன்மொழிந்தவனும் அவனேதான். அதிகாரியாக இருப்பவர் போட்டியிட முடியாதே. ஷம்ஸா மறுபேச்சில்லாமல் சரி என்றாள்.

நான்கு மணிக்கு ரகசிய எண் பாதிப் பேருக்குப் போகாமல் நின்றுவிட்டது. சரியாவதற்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குள் ராயா கல்ஃபானைத் தாண்டியிருந்தாள்.

கல்ஃபான் குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "தங்கச்சி, என் ஆளுங்கல்லாம் நம்பர் வராம உக்காந்திருக்காங்க. போன நேரத்தத் திருப்பிக் கொடு!"

"ரூல்ல இடம் இருக்கு. கொடுத்தாச்சு" என்றாள் ஷம்ஸா. முடிவு நேரம் ஐந்தரை ஆனது.

ராயா அவளை ஓரமாக இழுத்துப்போனாள். "ஏண்டி, உன்ன நடுச்சபையில எழுப்பி அனுப்பினவன்டி அவன். நாளைக்கு செருப்பத் தொடச்சு வைன்னு சொல்லுவான், அதையும் செய்வியா?"

"அவர் ஜெயிக்கணும், ராயா."

"உனக்கு வெக்கமே இல்லையா?"

ஷம்ஸா திரையைப் பார்த்துக்கொண்டே துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு அவள் அம்மா காபிக் குடுவையும் அல்வா டப்பாவுமாக வந்து சேர்ந்தாள். கடைக்காரரிடம் சில்லறை வாங்கும்போதுகூட, அந்நிய ஆணின் விரல் படக்கூடாதென்று உள்ளங்கையில் துணியைப் போர்த்திக்கொள்கிறவள் அவள். கல்ஃபானைக் கண்டதும் நேராகப் போய் வெறும் கையால் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நல்லா இருக்கியாப்பா? இளைச்சிட்டியே."

"எல்லாம் உங்க துஆ, அம்மா" என்று கல்ஃபான் இளித்தான். கிழவிகளின் பாசமும் வாக்குதான் என்பது அவன் கணக்கு.

"உங்கம்மாவுமா!" என்று ராயா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசி நிமிடங்களில் கல்ஃபானின் ஆட்கள் குவிந்தார்கள். ஐந்தரைக்குத் திரை நின்றபோது நாற்பத்தோரு வாக்கு வித்தியாசத்தில் கல்ஃபான் ஜெயித்திருந்தான். ஷம்ஸா மூச்சை மெதுவாக வெளியே விட்டாள்.

கல்ஃபான் எல்லோரையும் கட்டித் தழுவிவிட்டு நிர்வாகக் குழுவின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தான். "அறிவிச்சிடு தங்கச்சி. பாத்தியா, உன் கையாலயே என்ன உக்கார வைக்கிற. மனசுல எதையும் வச்சுக்காத, என்ன?"

"வச்சுக்கல. அறிவிக்கறதுக்கு முன்னாடி பதினோராம் விதிய ஒரு தடவ படிச்சிடுங்க. நீங்க எழுதினதுதானே, உங்க வாயாலயே கேக்கணும்."

சபையில் சிரிப்பு எழுந்தது. கல்ஃபானும் சிரித்தபடி எழுந்து உரக்கப் படித்தான். "ரத்தத்தாலோ, திருமணத்தாலோ, பாலாலோ தேர்தல் அதிகாரிக்கு உறவானவர்..." நிறுத்தி அவளைப் பார்த்தான். "அதுக்கு என்ன இப்ப? பத்திரம் எழுதறப்போ எல்லாரும் போடற வார்த்தைதான். எனக்கும் உனக்கும் என்ன உறவு?"

"நீங்க பொறந்தப்போ உங்கம்மா காய்ச்சல்ல கிடந்தாங்க. அப்போ சூர் ஊர்ல உங்க பக்கத்து வீடு எங்க வீடுதான். எனக்கே போன தேர்தலுக்கு அப்புறம்தான் தெரியும், உங்க பேரச் சொல்லி நான் அழுதப்போ அம்மா சொன்னாங்க. நம்பலைன்னா உங்க பெரியம்மாவுக்கு போன் பண்ணிக் கேளுங்க."

கல்ஃபானின் கை சட்டைப் பையிலிருந்த கைப்பேசி வரை போய் அங்கேயே நின்றது. மூலையில் அம்மா நிதானமாகக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் கோப்பையை அவன் பக்கம்தான் நீட்டினாள்.

"என்ன கேக்கணும்?" என்றான் கல்ஃபான்.

"நாற்பது நாள் உங்களுக்குப் பால் கொடுத்தது யாருன்னு."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. ஷம்ஸா நாற்காலியை அவனுக்குப் பின்னாலிருந்து மெதுவாக இழுத்து, ராயா பக்கம் திருப்பிப் போட்டாள்.

"ரூல்னா ரூல்தான், அண்ணே."